மக்காத துணி

பெரன் எழுந்ததும் கெட்டிலைப் போடுவான். அது கொதிப்பதற்குள் அடுப்படி விளக்கின் கீழே நின்று இரண்டு கைகளுக்கும் களிம்பு தடவுவான். விரல் இடுக்குகளில் கொஞ்சம் கூடுதலாக. பிறகு மணிக்கட்டைச் சுற்றி டேப் ஒட்டுவான். டாஃபடில் பூத்தண்டின் சாறு ஒரு தடவை கையுறைக்குள் இறங்கிவிட்டால் பூப் பருவம் முடிகிறவரை சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். டீயை நின்றபடியே குடிப்பான். முந்தின நாள் ரொட்டியில் வெண்ணெய். கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பான். கதவருகே ஒரே ஆணியில் இரண்டு மழைக்கோட்டுகள் தொங்கும். மேலே இருப்பது அவன் மனைவி லோவெனாவுடையது, ஆரஞ்சு நிற நைலான். அதைக் கழற்றி, அடியிலிருக்கும் தன் கோட்டை எடுத்துக்கொண்டு, அவளுடையதைத் திரும்ப மாட்டுவான். மாட்டும்போது அதன் கீழ்விளிம்பு சுவரைப் பார்த்திருக்கிறதா என்று கவனிப்பான். நவம்பரிலிருந்து இப்படித்தான். இரண்டையும் இடம் மாற்றி மாட்டினால் வேலை மிச்சம். அவன் மாற்றவில்லை.

அன்று திங்கட்கிழமை. வெளியே கிளெண்டாவின் வேன் ஹார்ன் அடித்தது.

கிளெண்டா, நவம்பரில் இறந்துபோன லோவெனாவின் அம்மா. பக்கத்து வீடுதான். பூப் பண்ணையின் கொட்டகையில் பூக்கட்டுகளைத் தரம் பிரிக்கும் மேசைக்கு அவள்தான் மேஸ்திரி. பெரன் வயலில் பறிப்பவர்களுக்கு மேஸ்திரி. கல்லூரியில் மண்ணும் பயிரும் படித்துவிட்டு வேறெங்கும் போகாமல் கார்ன்வாலின் மேற்குக் கோடியிலேயே தங்கிவிட்டவன். மற்ற நாட்களில் வேனில் ஏறும்போதே கிளெண்டா பேச ஆரம்பித்துவிடுவாள். காற்று எந்தப் பக்கம், எந்த வயல் மொட்டு முந்திக்கொள்ளும், நேற்று டிவியில் யார் என்ன உளறினார்கள். அன்று வாயே திறக்கவில்லை. வைப்பர் கீச்சிட்டது. கடல் பக்கமிருந்து மழை படுக்கையாக வந்தது.

“தூங்கலையா?” என்றான்.

“தூங்கினேன்” என்றாள்.

பத்து மணி டீக்குக் கொட்டகையின் பின்பக்கம் எல்லோரும் கூடுவார்கள். பல்கேரியப் பையன்கள் ஒரு மூலையில் சிகரெட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு நிற்பார்கள். கிளெண்டாவும் டிராக்டர் ஓட்டும் கிட்டோவும் கவிழ்த்த பெட்டிகளில் உட்காருவார்கள். கிட்டோ அறுபதைத் தாண்டியவன். கிளெண்டா நடத்தும் வட்டத்தில் ஒரே ஆண் அவன்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடி மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள். சூனியக்காரிகள் என்று ஊர் சொல்லும். அவர்களும் அப்படியே சொல்லிக்கொள்வார்கள். “நான் சூனியக்காரன் ராசா, தொப்பிதான் வாங்கல” என்பான் கிட்டோ.

கிளெண்டா கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தாள். ஆரஞ்சு நிறம். ஒரு சாண் நீளம். விளிம்பு எலி கொறித்தது போலப் பிசிறு பிசிறாக இருந்தது. முடிச்சு போட்ட இடத்தில் மட்டும் சுருக்கம்.

“இது யார் துணின்னு தெரியுதா?”

கிட்டோ கறியடைத்த பாஸ்டியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினான். பெரனுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. டீ கையில் சுட்டது. அவன் கோப்பையை மாற்றிப் பிடிக்கவில்லை.

“நம்ம லோவெனா கோட்டு மாதிரி இருக்கு” என்றான் கிட்டோ.

“மாதிரி இல்ல. அதேதான். நேத்து மரத்தைச் சுத்தம் பண்ணும்போது எடுத்தேன். பின்பக்கக் கிளையில, ஆள் கண்ணுல படாத இடமாப் பாத்துக் கட்டியிருக்கு.”

ஊற்றுக்கு மேலே ஒரு முள் மரம் இருக்கிறது. உடம்பு முடியாதவர்களின் உடுப்பிலிருந்து கையால் ஒரு கீற்றுக் கிழித்து, ஊற்று நீரில் நனைத்து, அதில் கட்டிவிட்டு வருவார்கள். துணி மழையிலும் வெயிலிலும் மக்கிப் போகப் போக நோயும் போகும். ஆகவே பருத்தி, கம்பளி, லினன், இவைதான் கட்டலாம். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது தெரியாது. ரிப்பன், ஹேர்பேண்ட், காலுறை, செருப்பு நாடா என்று கையில் அகப்பட்டதை எல்லாம் கட்டிவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். மக்காத துணி நோயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது வட்டத்தாரின் கணக்கு. வருஷா வருஷம் பிப்ரவரிப் பிறப்பில், இம்போல்க் பண்டிகை விளக்கு ஏற்றுவதற்கு முன்னால், ஏணியும் கத்திரியும் எடுத்துப் போய் அவற்றை வெட்டி எடுப்பார்கள். வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிடமும், “உன் ஆள் யாரோ, மன்னிக்கணும்” என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார்கள்.

“எவனாவது வெளியூர்க்காரன் கட்டியிருப்பான், கிளெண்டா” என்றான் கிட்டோ.

“வெளியூர்க்காரனுக்கு என் பொண்ணு கோட்டு எங்கேர்ந்து வந்துச்சு?”

“அதுவும் சரிதான்.”

“இது வீட்டுக்குள்ள வந்து போன கை. கோட்டு எந்த ஆணில தொங்குதுன்னு தெரிஞ்ச கை.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நைலான்னா என்ன ஆகும்னும் தெரிஞ்ச கை.”

கிட்டோ பாஸ்டியைத் திரும்ப எடுத்தான். கடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். “அது பெரிய வார்த்தை.”

“பெரிய வார்த்தைதான். அவளுக்கு நோய் போகக் கூடாதுன்னு முடிச்சுப் போட்டிருக்கா. வேற எதுக்கு நைலான்?”

“போட்டிருக்கான்னா? யாரைச் சொல்ற?”

கிளெண்டா கொட்டகை வாசலைப் பார்த்தாள். அங்கே பிரையனி மழையில் நனைந்தபடி கையுறையை உதறிக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நீல ரப்பர் பேண்டுகள். பூக்கட்டுக்குப் போடுவதற்கு. முப்பது வயது இருக்கும். வட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தான். ஃபோனில் சீட்டுப் போட்டுக் குறி சொல்லுவாள். மந்திரித்த மெழுகுவத்தி என்று தபாலில் விற்பாள்.

“பெரன், நீ என்னப்பா சொல்ற?” என்றான் கிட்டோ.

“மேல வயல்ல இன்னும் ரெண்டு பாத்தி பாக்கி இருக்கு” என்றான் பெரன். எழுந்து போனான்.

*

மேல் வயலில் காற்று நிற்க விடாது. டாஃபடிலைப் பூவாகப் பறிக்கக் கூடாது, மொட்டாகவே பறிக்க வேண்டும். மொட்டு பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பி, கழுத்து லேசாக வளைந்து, வாத்து எட்டிப் பார்ப்பது போல நிற்கும்போது. ஒரு நாள் பிந்தினால் சரக்கு கழிவு. குனிந்து, தண்டின் அடியில் கையை விட்டு ஒடித்து, கொத்து சேர்ந்ததும் மணிக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டை உருவி மாட்டி, வரப்பில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் முதுகு வலி தெரிந்துவிடும்.

பிரையனி நிமிர்ந்தாள்.

“பெரன், ஒரு நிமிஷம் வா.”

அவன் போனான்.

“கிளெண்டா என் கட்டு எல்லாத்தையும் பிரிச்சுக் கழிவுல போட்டுட்டாங்க. மொட்டு முத்திப் போச்சாம். நீயே பாரு, முத்தியா இருக்கு?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு?”

“எனக்கு என்ன தெரியும்.”

“நடிக்காதே. கிட்டோ சொல்லிட்டான். அந்தாளு வாயில எது நிக்கும்?” அவள் மூக்கைத் தோளில் துடைத்தாள். முன்கை இரண்டும் தடித்துச் சிவந்திருந்தன. “நான் கட்டினேனாம் துணி. லோவெனாவுக்கு. நைலான்ல. சாகணும்னு.”

“பிரையனி…”

“இரு, சொல்லி முடிச்சிடறேன். எங்களுக்குள்ள சண்டை நடந்தது ஊருக்கே தெரியும். அந்த பர்மிங்ஹாம் பொம்பளை விஷயம்.”

அது பெரனுக்கும் தெரியும். புருஷன் ஓடிப்போன ஒருத்திக்கு, அவன் திரும்பி வர பிரையனி ஏதோ செய்து கொடுத்தாள். வட்டத்தில் லோவெனா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆளைக் கேட்டியா, அவனுக்குத் தெரியுமா என்று. “கேட்டுட்டுச் செய்யறதுன்னா அப்புறம் எதுக்குடி சூனியம்? கடுதாசி போட்டாப் போதுமே” என்றாள் பிரையனி. கிட்டோ சிரித்துவிட்டான். லோவெனா சிரிக்கவில்லை. ஒருவர் வாயால் சரி என்று சொல்லாமல் அவர்மேல் எதையும் செய்யக் கூடாது, நல்லதாக இருந்தாலும் கூடாது என்பது வட்டத்தின் முதல் விதி. கிளெண்டா வைத்தது. அதை அம்மாவைவிட மகள்தான் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அவ படுத்ததுக்கு அப்புறம் நான் வந்து உக்காந்திருப்பேன்ல, நீ வேலைக்குப் போற நேரம்” என்றாள் பிரையனி. “மூணு தடவை கேட்டேன். லோவெனா, ஒரே ஒரு கீற்று, ஒரு காட்டன் துணி, நானே போய்க் கட்டிட்டு வரேன்னு. மூணு தடவையும் வேண்டாம்னா. மூணாவது தடவை திட்டவே திட்டினா. அவ தலையணை உறையிலேர்ந்து ஒரு கீற்றுக் கிழிச்சுப் பையில வச்சுக்கிட்டு ஊத்து வரைக்கும் போயிட்டேன், பெரன். தண்ணிலகூட நனைச்சுட்டேன். அப்புறம் அங்கயே உக்காந்து அழுதுட்டு, திரும்பிட்டேன். என் வாழ்க்கையில நான் விதிப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான். அதுக்குத்தான் இப்ப இந்தப் பேரு.”

காற்றில் அவள் தலைத்துணி படபடத்தது. சொல்லிவிடலாம் என்று பெரனுக்குத் தோன்றியது. வாய்கூடத் திறந்தது.

“கிட்டோ வண்டி வருது. பெட்டியை எடுத்து வரப்புல வை” என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

*

கடந்த செப்டம்பரில் வட்டம் முழுக்க வீட்டுக்கு வந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்த சமயம். லோவெனா சோஃபாவில் படுத்திருந்தாள். மெழுகுவத்திகளைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

“எனக்கு எதுவும் வேண்டாம்.”

“ஏன்டி?” என்றாள் கிளெண்டா.

“குணமாயிட்டா ஆயுசுக்கும் உங்களுக்கு நன்றி சொல்லிட்டுத் திரியணும். கேக் வேற சுடணும். ஆகலைன்னா நீங்க ஒவ்வொருத்தரும் எங்க பிசகினோம்னு தேடிக்கிட்டே கெடப்பீங்க. எந்த மெழுகுவத்தி, எந்த நாளு, யாரு கைன்னு. அந்த வேலைய உங்க தலையில வச்சுட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல.”

கிளெண்டா எல்லாவற்றையும் பைக்குள் திரும்ப வைத்தாள். அவள் கை நடுங்கியதைப் பெரன் பார்த்தான். வைத்தது வைத்ததுதான். விதி விதிதான்.

அவர்கள் போன பிறகு அவன் கேட்டான். “எனக்காகவாவது?”

“உனக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லையே.”

“இல்லதான்.”

“அப்புறம் என்ன? வேண்டாம், பெரன்.”

அக்டோபரில் ஒரு நாள் காலிஃபிளவர் வெட்டிவிட்டு வந்தான். பிரையனி அப்போதுதான் கிளம்பிப் போனாள். லோவெனா வாயைத் திறந்தபடி தூங்கினாள். முகத்தில் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவன் அடுப்படிக்குப் போனான். பிறகு கதவருகே போனான். அவளுடைய இரவு உடுப்புகள் எல்லாம் புதிதாக வாங்கியவை, நோய்க்கென்று வாங்கியவை. அவை அவளுடையவை என்றே தோன்றவில்லை. கோட்டுதான் அவள். எட்டு வருஷமாக மழையில் அந்த நிறம் வருவதைப் பார்த்துத்தான் அவன் வேலையை நிறுத்துவான்.

கையால் கிழித்துப் பார்த்தான். கிழியவில்லை. நல்ல துணி, கெட்டித் துணி, இதுதான் சரி என்று நினைத்தான். காற்றுக்கும் மழைக்கும் தாங்கும். ரொம்ப நாள் இருக்கும். சூனியக்காரியோடு எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன், மரத்தில் துணி என்ன ஆக வேண்டும் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அவள் போவாள், வருவாள், காலணிச் சேற்றை அவன் கழுவுவான். அவ்வளவுதான். பன்றிக் கறி வெட்டும் அடுப்படிக் கத்திரி கையில் கிடைத்தது. மழுங்கல். கடித்துக் கடித்து வெட்டினான்.

ஊற்றில் யாரும் இல்லை. டிரெய்லரில் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சைப் போட்டான். எந்தக் காற்றுக்கும் அவிழாத முடிச்சு. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. “ப்ளீஸ்” என்றான். யாரிடம் என்று தெரியாமல்.

*

திங்கட்கிழமைகளில் சாயங்காலம் அவனுக்குக் கிளெண்டா வீட்டில் சாப்பாடு. லோவெனா இருந்தபோதும் அப்படித்தான். அன்று லீக் வெங்காயத்தண்டும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம். அடுப்பிலிருந்து வெண்ணெய் மணம் வந்தது. கிளெண்டா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளைத் துடைத்தாள்.

“ஃப்ரீசர்ல பட்டாணி இருக்கும், எடு.”

திறந்தான். பட்டாணிப் பைக்குப் பின்னால் ஒரு ஜாம் பாட்டில். தண்ணீர் பாதி உறைந்து வெளிறிப்போயிருந்தது. உள்ளே நீல ரப்பர் பேண்டு ஒன்று. அதைச் சுற்றிச் சுற்றி ஆரஞ்சுத் துணி.

அது என்னவென்று அவனுக்கு நம்பிக்கை இல்லாமலேயே தெரியும். வாய்க்கட்டு. கைக்கட்டு. ஒருவருடைய பொருளைத் தண்ணீரில் போட்டு உறைய வைத்தால் அவர் அசைய முடியாது. லோவெனா இதைப் பற்றிப் பேசிச் சிரித்திருக்கிறாள். இந்தக் காலத்து ஆளுங்க ஐஸ்கிரீம் பக்கத்துலயே மனுஷங்களையும் வச்சுக்கிறாங்க, பெரன். கிளெண்டாவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அவன் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தான். பட்டாணியை எடுக்க மறந்துவிட்டான்.

“அதை உள்ள வை” என்றாள் கிளெண்டா, திரும்பாமலே.

“பிரையனி ரப்பர் பேண்டா?”

“மேசைல விட்டுட்டுப் போனா. நான் ஒண்ணும் திருடல.”

“அவளைக் கேட்டீங்களா?”

கிளெண்டா திரும்பினாள். தட்டு கையில் இருந்தது. “என்ன கேட்ட?”

“செய்யறதுக்கு முன்னாடி அவளைக் கேட்டீங்களான்னு.”

“அவ என் பொண்ணைக் கேட்டாளா?” குரல் கிறீச்சிட்டது. “நாப்பது வருஷம். நாப்பது வருஷமா ஒரு எறும்புக்குக்கூட நான் கேக்காமச் செஞ்சதில்ல. ஒரு தடவை ஒருத்தன், அவன் பேரு வேண்டாம், என் முகத்துல குத்தினான். அவனுக்குக்கூடச் செய்யல. இன்னைக்குச் செஞ்சேன். செய்யும்போது கை நடுங்கலை, தெரியுமா? நல்லா இருந்துச்சு. சூடா ஒரு டீ குடிச்ச மாதிரி இருந்துச்சு.”

“பிரையனி கட்டல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் கட்டினேன்.”

கிளெண்டா தட்டைத் துடைத்தாள். ஏற்கெனவே காய்ந்துவிட்ட தட்டு. “அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத. நல்ல மனசு உனக்கு, இல்லேங்கல. ஆனா பொய் சொல்லத் தெரியாது.”

“அக்டோபர்ல. அடுப்படிக் கத்திரியால வெட்டினேன், அந்தப் பிசிறைப் பாருங்க. தார்ப்பாய் முடிச்சு. நீங்க அவிழ்க்க முடியாம வெட்டித்தானே எடுத்தீங்க?”

அவள் உட்கார்ந்தாள். நாற்காலியைப் பார்க்காமலேயே உட்கார்ந்தாள். அடுப்பில் பலகாரத்தின் மேல்தோல் வெடித்து ஆவி வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

“அவளைக் கேட்டியா?”

“கேட்டேன். வேண்டாம்னா.”

“கேட்டு, வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறமா?”

“ஆமா.”

“நைலான்ல ஏன்டா கட்டின?”

“ரொம்ப நாள் இருக்கும்னு நினைச்சேன்.”

கிளெண்டாவின் வாய் கோணியது. அவள் சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை போல. “ரொம்ப நாள் இருக்கும்னு” என்று திரும்பச் சொன்னாள். “என் கடவுளே. மக்கணும்டா. மக்கிப் போகணும். அதுக்குத்தானே கட்டறது. அவ தலையணை உறையில ஒரு கீற்று எடுத்திருந்தா…” அங்கேயே நிறுத்திக்கொண்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்க பிசகினோம்னு தேடிக்கிட்டே கெடப்பீங்க. இரண்டு பேருக்கும் லோவெனாவின் அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பெரன் பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனான். கெட்டிலில் வெந்நீர் இருந்தது.

“வெந்நீர் ஊத்தாத” என்றாள் கிளெண்டா. “தானாத்தான் உருகணும். அவசரப்பட்டு உடைச்சா அவ மேலதான் உடையும். இங்க கொண்டா.”

மேசை நடுவில், உப்புக்கும் வெண்ணெய்க்கும் இடையே வைத்தார்கள். பாட்டிலின் வெளிப்புறம் வேர்த்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் பலகாரத்தை எடுத்துவந்தாள். ஓரம் கருகியிருந்தது. இரண்டு பேருக்கும் வைத்தாள். அவன் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை, சூடு தெரிந்தது. நவம்பரிலிருந்து இப்படித்தான்.

“நாளைக்கு நீயே பிரையனிகிட்டச் சொல்லணும்” என்றாள். “நான் உனக்காகச் சொல்ல மாட்டேன். எனக்கு என் பங்கு தனியா இருக்கு அவகிட்டச் சொல்றதுக்கு.”

“சொல்றேன்.”

“கொட்டகையில வச்சு. எல்லாரும் இருக்கும்போது. அவ பூக்கட்டை எல்லார் முன்னாடியும்தானே பிரிச்சுப் போட்டேன்.”

“சரி.”

“கன்னத்துல ரெண்டு போட்டாலும் வாங்கிக்கணும். நான் முதல்ல நிப்பேன், நீ பின்னாடி நில்லு.”

மழை நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவள் கோழிகள் கூண்டுக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. அவள் முள்கரண்டியால் உருளைக்கிழங்கை மசித்தாள். மசித்துக்கொண்டே இருந்தாள்.

“உன்மேல எனக்கு என்ன கோபம் தெரியுமா?” என்றாள்.

“தெரியும்.”

“தெரியாது. நீ அவ பேச்சை மீறிச் செஞ்சதுக்கு இல்ல. நைலானுக்கும் இல்ல.” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அவ வேண்டாம்னா. நான் எல்லாத்தையும் பைக்குள்ள வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அம்மா நான். பெத்தவ. ரெண்டு மாசம் இந்த நாற்காலியில கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், நான் வச்ச விதிக்கு நானே காவல். பக்கத்து வீட்டுல என் புள்ள இருமறது சுவர் வழியா கேக்கும். உனக்கு ஒரு இழவும் தெரியாது. நம்பிக்கையும் கெடையாது. நீ போய்க் கட்டியிருக்க. தப்பாக் கட்டின, கூடாத துணியில கட்டின, ஆனா போனே. நான் சரியா இருந்து என்னத்தைக் கண்டேன்?”

அவள் சரியாகத்தான் இருந்தாள் என்று சொல்லப் பெரனுக்கு வாய் வந்தது. தான் அப்படிச் சொல்ல என்ன உரிமை என்று விட்டுவிட்டான்.

பாட்டிலுக்குள் பனி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரப்பர் பேண்டின் ஒரு முனை துணியிலிருந்து நழுவி வெளியே வந்து தண்ணீரில் விரிந்தது. கிளெண்டா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“லோவெனாவுக்குத் தெரியுமா? நீ கட்டினது?”

பெரன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“சொல்லு. தெரியாமலே போனாளா? அது தெரியணும் எனக்கு. அவ வேண்டாம்னும் செஞ்சது ஒண்ணு. அவளுக்குத் தெரியாமலே வச்சது வேற.”

“தெரியும்.”

“நீ சொன்னியா?”

“இல்ல. அவளே கண்டுபிடிச்சா. கடைசி நாளு.”

கிளெண்டா நிமிர்ந்தாள். கடைசி நேரத்தில் அவள் அங்கே இல்லை. கோழிக்குத் தீனி வைத்துவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. ‘அம்மா வந்தாச்சா’ என்று லோவெனா கேட்டாள் என்று பெரன் அவளிடம் சொல்லியிருந்தான். அதை அவள் அடக்கத்தன்று எல்லோரிடமும் சொன்னாள். கடைசியா என்னைத்தான் கேட்டா என்று. கடையில் சொன்னாள், கொட்டகையில் சொன்னாள், பல்கேரியப் பையன்களிடம்கூடச் சைகையில் சொன்னாள்.

“‘அம்மா வந்தாச்சா’ன்னு கேட்டான்னு சொன்னியே.”

“கேட்டா. காலையில கேட்டா.”

“காலையிலயா?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடி. அப்புறம் நீங்க வந்தீங்க, அவ கையப் பிடிச்சீங்க. அதுக்கு அப்புறம் கோழிக்குன்னு போனீங்க.”

கிளெண்டா முள்கரண்டியைத் தட்டோரமாக நகர்த்தினாள். அவள் முகத்திலிருந்து எதையோ தானே பிடுங்கிவிட்டது போல அவனுக்கு இருந்தது. ஆனால் தொடங்கியாயிற்று.

“குளிருதுன்னா” என்றான். “ரெண்டு போர்வை இருந்துச்சு. போதலைன்னா. கோட்டைக் கொண்டு வான்னா. நான் எடுத்துட்டுப் போய் மேல போட்டேன். விளிம்பு எந்தப் பக்கம்னு பாக்காமப் போட்டுட்டேன். அவ கை அதுமேலயே போயிட்டு இருந்துச்சு, போர்வையத் தடவற மாதிரி. வெட்டின இடத்துக்கு வந்ததும் நின்னுச்சு. அந்தப் பிசிறை விரலால இப்படி, இப்படித் தடவிப் பாத்தா. என்னைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.”

“கோபமாவா?”

“தெரியல.”

“சரின்னு சொன்னாளா? பரவாயில்லன்னு? மன்னிச்சுட்டேன்னு?”

“இல்ல.”

“அப்ப என்னதான் சொன்னா?”

பாட்டிலில் கடைசிப் பனித்துண்டு கரைந்துகொண்டிருந்தது. பெரன் அதைப் பார்க்காமல் கிளெண்டாவைப் பார்த்துச் சொன்னான், லோவெனா சொன்ன அதே மாதிரி, மூச்சு வாங்கி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி.

“பெரன், இந்த வீட்ல ஒரு நல்ல கத்திரிக்கோல்கூடவா கெடைக்கல உனக்கு?”